பதினோரு நாள் பூட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பா உடம்பளவில் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இடுப்புப் பட்டை போட்டுக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல ஆணியில் தொங்க விட்டிருக்கிறாயா?

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறார் அப்பா? மணி அடித்ததும் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறார். உன்னோடு அரை மணி நேரம் பூட்டு, கொக்கி, ஸ்பிரிங் என்று கணீரென்று பேசுகிறார். நீயும் "அப்பா நல்லாத்தானே பேசறாரு, நீதான் சும்மா பயப்படறே" என்கிறாய். போனை வைத்த அடுத்த நிமிஷம் என்னிடம் திரும்பி, "யாரு பேசினது?" என்கிறார். அது உன் காதில் விழுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது பஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. அப்பாவின் சட்டைப் பையில் நான் நூலால் தைத்து வைத்திருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை, போன மாதம் மூன்று.

கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆமாம், பூட்டிவிட்டுத்தான். முறைக்காதே. நான் வேலையை விட்டால் இரண்டு பேரும் என்ன சாப்பிடுவது? பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை அமர்த்தினேன். ஒன்பதாம் நாள் அவருடைய கைப்பையில் இருந்த குட்டிப் பூட்டை அப்பா திறந்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி வைத்திருந்தார். அந்த அம்மா அன்றைக்குப் போனவர்தான்.

கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, வெளியே தொங்கும் பூட்டைக் கண்ணால் பார்க்காமலே திறக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவும் போய், தையல் ஃபேக்டரியும் மூடி, மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது இந்தப் பொழுதுபோக்கைப் பிடித்துக்கொடுத்த புண்ணியவான் நீதான். குறை சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் அவரைக் காப்பாற்றியது. நாற்பது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்த கை. ரம்பத் தகட்டைத் தேய்த்துக் கொக்கி செய்து, பழைய பூட்டு ஒன்றைத் திறந்த முதல் நாள் அவர் சிரித்த சிரிப்புக்கு நானும்தான் கை தட்டினேன்.

இப்போது எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அப்பாவால் திறக்க முடியாத ஒரு பூட்டு. எது என்று சொல். அடுத்த போன் பஸ் நிலையத்திலிருந்து வராமல் வேறு எங்கிருந்தாவது வந்துவிடுமோ என்று கடையில் மணி அடித்தாலே எழுந்து ஓடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 26

அருமை அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே முதுகு, இடுப்பு, பல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். கூடத் தங்கியிருக்கும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்கப்பாவை இங்க அனுப்புடா, முதலாளி ரூமை ஒரு கை பாத்துடலாம்" என்கிறான் வெல்டர். கோபித்துக்கொள்ளாதே. கம்பிக்குள் கையை விட்டு, தொங்கி ஆடுகிற பூட்டை, கண்ணால் பார்க்காமல்! அக்கா, எனக்கே அது வராது. மேஜை விளக்கைப் போட்டு, பூட்டைப் பிடிப்பானில் இறுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்தால்தான் எனக்கு ஒரு பூட்டு மசியும்.

சரி, உன் கவலைக்கு வருகிறேன். நீ போட்டிருப்பது சாதாரண ஐந்து பின் பூட்டாக இருக்கும். உள்ளே வரிசையாக ஐந்து சின்னப் பின்கள் நிற்கும். ஒவ்வொன்றையும் கொக்கியால் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் திறந்துகொள்ளும். அப்பாவுக்கு அதெல்லாம் சட்டைப் பித்தான் போடுகிற மாதிரி. ஏழு பின் பூட்டாகப் பார்த்து வாங்கு. சாவித்துவாரம் ஒடுக்கமாக, வளைந்து வளைந்து இருக்க வேண்டும். அவருடைய கொக்கிகளை எடுத்து ஒளித்து வை. நீலத் துணிப்பையில் ஏழோ எட்டோ இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதே. அதில் நீளமானது நான் செய்தது. தேய்க்கும்போது சூடேறி நீலம் பாரித்தால் இரும்பு செத்துவிடும் என்று தண்ணீரில் முக்கி முக்கி இரண்டு நாள் தேய்த்தேன்.

அப்பா வெளியே போவது பற்றி ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க நாலு சுவருக்குள் கிடந்தால் யாருக்கும் கால் பரபரக்கத்தானே செய்யும்? மறதி யாருக்கு இல்லை? போன வாரம் என் பழைய சைக்கிளின் செயின் எந்த இடத்தில் கழலும் என்றுகூட என்னிடம் சொன்னார்.

லீவு கேட்டிருக்கிறேன். ஒரே கட்டடத்தில் பதினான்கு லிஃப்ட் மாட்டுகிறோம், ஆள் பற்றவில்லை. கிடைத்ததும் ஓடி வருகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். என் கடிதத்தை இனிமேல் அறையில் படித்துக் காட்டாதே.

ஏழு பின் பூட்டு வாங்கினேன். நாலு நாள் தாங்கியது.

கொக்கிகளை சோப்புத்தூள் டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். என் குடையைப் பிரித்துக் கம்பியை எடுத்துக்கொண்டார். குடையை மாடி வீட்டு அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். கடையிலிருந்து தெரியாமல் பையில் விழுந்து வந்த குட்டி ஸ்க்ரூடிரைவரைத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கினார். அப்புறம் காலண்டர் கம்பி, ரேடியோவின் ஏரியல், டீ வடிகட்டியின் வளையம். என் உள்ளாடையில் இருக்கும் கம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்கு எதைத்தான் எழுதுவது என்ற விவஸ்தையே இல்லாமல் போய்விட்டது பார். நீ சொன்னாயே, சட்டைப் பித்தான், அதை நான்தான் போட்டுவிடுகிறேன். சாப்பிட்ட கையைக் கழுவ வேண்டும் என்பது மறந்துவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "கோபம் குறையும், மறதி குறையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கொக்கி செய்வது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் போன இடம் பஸ் நிலையம் இல்லை. ரயில் தண்டவாளம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாராம். கேட் கீப்பர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்ததும் எல்லார் எதிரிலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "பெத்த அப்பனை இப்படியா விடுவாங்க? அரை நிமிஷம் லேட்டாயிருந்தா துணியிலதான்மா அள்ளியிருக்கணும்" என்றார். அப்பாதான் அவரைச் சமாதானப்படுத்தினார். "இந்தம்மாவைத் திட்டாதீங்க சார். இவங்க ரொம்ப நல்லவங்க. என் பொண்ணுக்கு ஸ்கூல் விடற நேரமாச்சு, அதான் குறுக்கு வழியில வந்துட்டேன்."

இதைத்தான் இரண்டு மாதமாக உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி பள்ளிக்கூட வாசலில் அவருக்காகக் காத்திருக்கிறாள். மதியமானால் அவளைக் கூட்டிவரக் கிளம்பிவிடுகிறார். அந்தப் பெண் நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். என் தலை நரையைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார். அந்தப் பள்ளிக்கூடம் இந்த ஊரிலேயே இல்லை. நாம் அந்த ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது.

தம்பி, எனக்கு முடியவில்லை. லீவு என்ன ஆயிற்று? ஒரு மாதம், பதினைந்து நாள், எதுவானாலும் வா. வர முடியாவிட்டால் ஒரு பூட்டாவது அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தை லிஃப்ட் குழியில் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். மேலே கூப்பிட்டார்கள், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதோடு ஒரு பார்சல் வரும். என்னிடம் இருக்கும் நாற்பத்தெட்டுப் பூட்டுகளில் என்னை அழ வைத்தது அது ஒன்றுதான். பழைய இரும்புக் கடையில், இடித்த கட்டடத்துச் சாமான்களோடு எடைக்குக் கிடந்தது. வேலை முடிந்து வந்து தினமும் அதோடு மல்லுக்கட்டினேன். பதினோரு நாள் ஆயிற்று. வெளிச்சத்தில், பிடிப்பானில் இறுக்கி, எனக்கே பதினோரு நாள் என்றால், கம்பிக்குள் கையை விட்டு அப்பாவால் முடியவே முடியாது. நீ தைரியமாக வேலைக்குப் போ.

சாவி இரண்டு இருக்கிறது. ஒன்றை உன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள். இன்னொன்றை மாடி வீட்டு அம்மாவிடம் கொடு. நெருப்பு கிருப்பு என்றால் திறக்க ஆள் வேண்டும். அப்பா கண்ணில் மட்டும் சாவியைக் காட்டிவிடாதே. ஒரு தடவை பார்த்தால் போதும், அதன் பல்வரிசையை அப்படியே கம்பியில் கொண்டுவந்துவிடுவார்.

உன்னை அவருக்குத் தெரியவில்லை என்பதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. போனில் என்னிடம் எல்லாம் சரியாகத்தான் பேசுகிறார். ஒருவேளை நான் பூட்டைப் பற்றி மட்டும் பேசுவதாலோ என்னவோ.

லீவு விஷயமாக சூப்பர்வைசரிடம் மறுபடியும் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

பூட்டு தாங்குகிறது. இன்றோடு பதினாறு நாள். முதல் வாரம் மத்தியானத்துக்கு மத்தியானம் கடையிலிருந்து ஓடிவந்து பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு ஃப்ரேமுக்குக்கூட லென்ஸைத் தப்பாக மாற்றிப் போடவில்லை. "என்னம்மா, தப்பு வர்றது நின்னுபோச்சா?" என்று முதலாளி கேட்டார். இத்தனை நாள் தப்பு வந்ததே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்பா காலையிலிருந்து கேட்டருகே நிற்கிறார். ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன், உட்காரவில்லை. கம்பியில் உரசி உரசிக் கை முட்டியில் தோல் போய்விட்டது. நான் மருந்து போட்டுத் துணி சுற்றினால், விரல் அசையவில்லை என்று பல்லால் அவிழ்த்துவிடுகிறார். ராத்திரி சாப்பாடு ஊட்டும்போது என்னைப் பார்த்து, "இந்த வீட்டுக்காரங்க எப்பம்மா வருவாங்க?" என்றார். "நாளைக்கு வருவாங்க" என்றேன்.

நேற்று மாடி வீட்டு அம்மா படியிறங்கி வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மூணு மணியானா அழறாரும்மா. 'பாப்பா நிக்கும், பாப்பா நிக்கும்'னு கேட்டைப் பிடிச்சு ஆட்டறாரு. என்னால கேக்க முடியல. இது எங்கிட்ட இருந்தா ஒருநாள் நானே திறந்து விட்டுடுவேன்." சாவி இப்போது என் கடை மேஜை டிராயரில் இருக்கிறது.

அவரைக் காப்பாற்றத்தான் பூட்டுகிறேன். இதை நான் தினமும் காலையில் பூட்டும்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பஸ் ஏறும் வரைக்கும் அது போதுமாக இருக்கிறது.

லீவைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. பூட்டு நல்ல பூட்டு.

அக்கா

*

மே 8

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு உடனே எழுதவும்.

ஒரு பூட்டு விஷயமாக உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. பித்தளை உடம்பு, வளையம் என் சுண்டுவிரல் பருமன். உள்ளே ஆறு பின். நாலு பின் சொன்ன பேச்சுக் கேட்கிறது. அதன் பிறகு உள்ளே உருளை ஒரு எள்ளளவு திரும்புகிறது. சரி, திறந்துவிட்டது என்று நினைத்தால் முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் அங்கேயே நின்றுகொண்டு கழுத்தை அறுக்கிறது. அழுத்தினால் இன்னும் இறுகுகிறது. நாள் கணக்காக இதே கதை. மெஷினில் நூல் சிக்கினால் எங்கே சிக்கியது என்று ஊசியைத் தொட்டே சொல்லிவிடுவேன். இது பிடி கொடுக்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். போனில் சொன்னால் கைக்கு எட்டாது, படம் போட்டு அனுப்பு.

நான் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் போகும்போது பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கு அழுகை வருகிறது. அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ.

உன் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவள் மட்டும் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டாள், பிடிவாதக்காரி. அப்பா வந்தால்தான் வருவாள். அதனால் சீக்கிரம் எழுது.

அப்பா

*

மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். உங்கள் கை முட்டிக் காயம் ஆறியதா?

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. நான் வேலைக்கு வந்த முதல் வருடம் எழுதினீர்கள், அதற்கப்புறம் இதுதான். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்றபடி மூன்று தடவை படித்தேன். வெல்டரிடம் காட்டினேன். "எள்ளளவு திரும்பி நிக்குதுன்னு எழுதியிருக்காரு பாரு, அங்க வரைக்கும் போறதே பெரிய விஷயம்" என்று அவனிடம் பீற்றிக்கொண்டேன்.

உங்களை ஏமாற்றுவது அந்தப் பின்களின் வடிவம். அவை நேரான குச்சி மாதிரி இருக்காது. மெஷினில் நூல் சுற்றிப் போடும் பாபின் மாதிரி மேலும் கீழும் அகலமாக, நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும். அந்த இடுப்பு மாட்டிக்கொண்டுதான் திறந்துவிட்டது போலக் காட்டுகிறது. அப்போது அழுத்தக் கூடாது. திருப்பும் கம்பியைப் பிடித்த விரலை மெல்லத் தளர்த்த வேண்டும். பிடித்ததெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கும். போகாது. உருளை இம்மியளவு பின்னால் வரும். வர விடுங்கள். அந்த நேரத்தில் சிக்கிய பின்னைத் தூக்கினால் அடங்கிவிடும். அடுத்த பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். அட்டைக்கு நடுவில் ஒரு கொக்கி வைத்திருக்கிறேன். முனையை உங்கள் விரல் வாக்குக்குத் தகுந்த மாதிரி குட்டையாகத் தேய்த்தேன்.

அக்கா பெரியவளாகிவிட்டாள் அப்பா. அவள் தானாகவே வீட்டுக்கு வந்துவிடுவாள். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

திறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகன்

*

ஜூன் 4

தம்பிக்கு,

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் நம்பரில் யாரோ எடுத்தார்கள். நீ மேல்மாடியில் இருக்கிறாயாம், சொல்வதாகச் சொன்னார்கள். சொன்னார்களா என்று தெரியவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் மதியத்திலிருந்து அப்பாவைக் காணவில்லை. நான் சாயங்காலம் வந்தபோது கேட் பூட்டித்தான் இருந்தது. உள்ளே போய்க் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடிய பிறகுதான் புரிந்தது. திறந்து, வெளியே வந்து, ஒழுங்காக மறுபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பஸ் நிலையம், ரயில் கேட், ஆஸ்பத்திரி, பாலத்தின் அடி எல்லாம் பார்த்தாயிற்று. இங்கே உள்ள பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் போனேன். லீவு விட்டு எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

வெயில் நெருப்பாகக் கொட்டுகிறது. அவர் கையில் தண்ணீர்கூட இல்லை.

எப்படித் திறந்தார் என்று நீ கேட்காதே. இப்போது அதைப் பேச வேண்டாம். வா.

அக்கா

*

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வழியில் ஒன்றும் சிரமம் இல்லை. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

அப்பாவை எடுத்த பிறகு நான்கு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். நீ டீ போட்டுக் கொடுத்தாய், நான் குடித்தேன். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டோம். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போதாவது சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாமல் எழுதுகிறேன்.

அப்பா கிடந்த அந்த உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக் காவலாளி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கேட்டுல சங்கிலி, பூட்டு எல்லாம் போட்டது போட்டபடி இருந்துச்சு சார். உள்ள ஆள் இருப்பாருன்னு யாரு நினைப்பா?" அப்பா அந்தப் பூட்டையும் திறந்து, உள்ளே போய், திரும்பப் பூட்டிவிட்டு, வகுப்பு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கும்போது விழுந்து இடுப்பு உடைந்திருக்கிறது. அதே இடத்தில் மூன்று நாள். நீ அந்தக் கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய்.

சட்டைப் பையில் இருந்த சாமான் என்று போலீஸ்காரர் கொடுத்த கவரை நீ பிரிக்காமலே அலமாரியில் வைத்தாய். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கொக்கி, நான் செய்தது. ஒரு கடிதம், நான் எழுதியது. அப்பா எனக்கு எழுதிக் கேட்டார். பித்தளை உடம்பு, ஆறு பின், எள்ளளவு திரும்பி நிற்கிறது என்று எழுதினார். உன் கேட்டில் தொங்குகிற பூட்டு என்று படித்த மாத்திரத்திலேயே தெரியும். தெரிந்துதான் எழுதினேன். வீட்டில் இருக்கும் அம்மா பூட்டிவிட்டுப் போகிறார் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியைத் தாண்டிப் பூட்டு இருக்கிற வரிக்கே போய்ப் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான், அக்கா. அவர் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. கொன்றது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் லீவு கேட்கவே இல்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள். அங்கே வந்து, அவர் என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு இங்கேயே கிடந்தேன். போனில் நான் அவருக்கு மகனாகவே இருந்தேன். அதை விட மனசு வரவில்லை.

பூட்டுகளை எல்லாம் அதே இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். கொக்கிகளையும்தான். நீ என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதாமல் இருந்தாலும் சரிதான். கொன்றது நான்தான்.

தம்பி

*

ஆகஸ்ட் 31

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. நலம் விசாரிக்கும் வரியை எழுதிவிட்டு உட்கார்ந்தால் அதற்கு மேல் பேனா நகரவில்லை. நாலு தாள் கிழித்தாயிற்று. நீ நலமாக இருக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல.

கொன்றது நான்தான் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டையும் அடித்துவிடு.

உன்னை ஒன்று கேட்கிறேன். அப்பா பூட்டிய வீட்டுக்குள் இருந்தார். இருபத்தைந்து நாள் அந்தக் கேட்டைத் தாண்டவில்லை. அவர் எழுதிய கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது? கவரின் மேல் உன் விலாசம் யார் கையெழுத்தில் இருந்தது? நீ பார்த்திருக்க மாட்டாய். அப்பாவின் எழுத்தைப் பார்க்கிற அவசரத்தில் கவரைக் கிழித்துப் போட்டிருப்பாய்.

அன்றைக்குக் காலையில் என்னிடம் தாளை நாலாக மடித்து நீட்டினார். "அம்மா, இதைக் கொஞ்சம் தபால்ல சேத்துடுவீங்களா? என் பையன் வெளியூர்ல இருக்கான்" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் உட்கார்ந்து படித்தேன். எந்தப் பூட்டு என்று உனக்குத் தெரிந்த மாதிரி எனக்கும் தெரிந்தது. நீ பதில் எழுதாமல் இருக்க மாட்டாய் என்பதும் தெரிந்தது.

அந்தப் பெண் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாரே, அந்த இடத்தில் எனக்கு அவள் மேல் பொறாமை வந்தது. அவள் அவருக்குச் சோறு ஊட்டவில்லை. பாயைத் துவைக்கவில்லை. நடுத்தெருவில் யாரிடமும் திட்டு வாங்கவில்லை. அவளுக்காக ஒரு மனுஷன் இரும்புக் கம்பியில் கையைக் கிழித்துக்கொள்கிறார். எனக்குக் கிடைப்பது "ரொம்ப நன்றிம்மா" மட்டும். போகட்டும், போய் அவளையே கூட்டிக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. போனவர் திரும்பி வராமல் இருந்தால் நான் தூங்கலாம் என்றும் நினைத்தேன். ஏதோ ஒரு நொடி வந்து போன நினைப்பு என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கடையிலிருந்து தபால் பெட்டி வரைக்கும், இரண்டு தெருவைத் தாண்டி, அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். விலாசத்தைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறேனா என்று பெட்டியில் போடும் முன்னால் ஒருமுறை சரிபார்த்தேன்.

உன் பதில் வந்தபோது கவர் தடிப்பாக இருந்தது. விரலால் தடவினேன், உள்ளே கம்பி தட்டுப்பட்டது. பிரிக்காமல் அவர் கையில் கொடுத்தேன்.

அந்த நாலு நாளும் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நீ சொன்னால் நானும் சொல்ல வேண்டியிருக்குமே. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியே நின்று நான் பார்த்துவிட்டுப் போனதைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அங்கே நின்று "அப்பா" என்று கூப்பிட்டும் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாவின் குரலுக்கு அவர் பதில் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

திட்டி எழுதச் சொன்னாய். நான் யாரைத் திட்டுவது? எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. இனிமேல் எனக்கு எழுத நீ ஒருத்தன்தான்.

கடைசியாக ஒன்று. ஜூன் இரண்டாம் தேதி காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் அப்பாவுக்கு முகம் கழுவி, தலை சீவி, நல்ல சட்டை போட்டு, காலில் செருப்பை மாட்டி வாரை இறுக்கிவிட்டேன். பிறகு வெளியே வந்து கேட்டைப் பூட்டினேன். பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறவருக்குச் செருப்பு எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் அக்கா